மறையூர் மேட்டில் ஒரே ஓட்டம்

அந்தக் காரைப் பந்தயத்துக்கு என்று யாரும் வாங்கவில்லை. டீசல் எஞ்சின் மாட்டிக் கல்யாண வாடகைக்கு விடுவதற்காக அப்பா வாங்கினார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்த சண்டையெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

பெட்ரோல் விலை திடீரென்று ஏறியதற்கு அடுத்த வருஷம். மலைமேல் ஏலத்தோட்டக்காரர்கள் ஆசை ஆசையாக வைத்திருந்த பெரிய அமெரிக்கக் கார்கள் ஒவ்வொன்றாக ஷெட்டுகளில் படுத்துவிட்டன. எட்டு சிலிண்டர் குடிக்கிற பெட்ரோலுக்கு ஏலக்காய் விற்ற காசுகூடப் போதவில்லை. எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. கடலை, கரும்பு, தென்னை. மழை குறைவு. அப்பா வண்டன்மேட்டில் ஒரு தோட்டக்காரருக்கு வண்டிமாடு விற்கப் போனவர், அவருடைய ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த காரைப் பார்த்திருக்கிறார். பழைய இரும்பு விலைக்குப் பேசி முடித்துவிட்டுத்தான் ஊருக்கு வந்தார்.

காரை எடுத்துவர நானும் மச்சானும் போனோம். மச்சான் என்றால் என் அக்காவின் புருஷன். வேலந்தாவளத்தில் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். பம்புசெட், ஆயில் எஞ்சின், கரும்பு ஆலை, சுற்றுவட்டாரத்தில் எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் அப்போது படிப்பை விட்டுவிட்டு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு என்னை விட்டது என்று சொல்வதுதான் சரி.

காருக்குள் எலி கூடு கட்டியிருந்தது. சீட்டுக்குள்ளிருந்து ஏலக்காய் வாசனை வந்தது. மச்சான் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து, புது பேட்டரி வைத்து, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு வர்ணனை வராது. டிராக்டர் சத்தம் காதில் கேட்கும். இது வயிற்றில் கேட்டது.

கம்பம் மேட்டு ரோட்டில் பிரேக்கை மிதித்து மிதித்து இறக்கிக் கொண்டுவந்து சேர்த்தோம். பழனி தாண்டி நேர் ரோடு வந்ததும் மச்சான் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, சித்த மிதி. என்னதான் பண்ணுதுன்னு பாக்கலாம்."

"பெட்ரோல் தீந்துருமுங்க மச்சான்."

"ஊருக்குப் போனா எஞ்சினக் கழட்டத்தான் போறோம். சாகப்போறவனுக்கு ஒரு நேரம் கறிச்சோறு போட்டா என்ன? மிதி."

மிதித்தேன். முன்னால் போய்க்கொண்டிருந்த பஸ் பக்கத்தில் வந்தது, பின்னால் போனது, கண்ணாடியில் சின்னதாகிவிட்டது. உடுமலைப்பேட்டை வந்து டீ குடிக்க இறங்கியபோதுதான் மச்சான் வாயைத் திறந்தார்.

"இதப் போயிக் கழட்டறதாடா?"

அப்படித்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அப்பா கேட்பார், டீசல் எஞ்சின் வந்ததா என்று. ஒவ்வொரு வாரமும் மச்சான், "கோயமுத்தூர்ல சொல்லி வெச்சிருக்கறனுங்க மாமா, இன்னுங் கெடைக்குல" என்பார். சொல்லி வைக்கவே இல்லை. மாமனார் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். தரையைப் பார்த்தே பொய் சொல்லிவிடுவார். அப்பாவும் மாப்பிள்ளையைத் துருவிக் கேட்கமாட்டார். எங்கள் பக்கத்தில் மாமனாருக்கும் மருமகனுக்கும் நடுவில் ஒரு மரியாதை இருந்தது. எதிர்த்துப் பேசக்கூடாது, சந்தேகப்பட்டுக் கேட்கக்கூடாது. அந்த மரியாதை எங்களுக்கு ஒரு நல்ல காரியம் செய்தது. பிறகு ஒரு கெட்ட காரியமும் செய்தது.

பட்டறையில் காரைப் பிரித்தோம். முன்னும் பின்னும் இருந்த பம்பர், பின்சீட், கதவுக்குள் இருந்த கண்ணாடி இறக்குகிற எந்திரம், கம்பளம் எல்லாவற்றையும் கழற்றினோம். லாரி ஸ்பிரிங்கின் பட்டையை வெட்டிச் சேர்த்து மச்சான் காரின் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினார். கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் இன்னொரு கார்புரேட்டர் கிடைத்தது. அதை உட்கார வைக்க அலுமினியத்தில் ஒரு தட்டு கடைந்தார். அதற்கு எத்தனை தடவை அளந்தார், எத்தனை தடவை வீசி எறிந்தார் என்று கணக்கில்லை. கடைசியில் பொருந்தியது. பெடலைப் பாதி அழுத்தும்வரை பழைய கார்புரேட்டர் மட்டும் வேலை செய்யும். பாதிக்கு மேல் அழுத்தினால் ஒரு கேபிள் இழுத்து இரண்டாவதும் திறக்கும். மோட்டார் சைக்கிள் கிளட்ச் கேபிள்தான் அது. காலை எடுத்தால் ஒரு சின்ன ஸ்பிரிங் அதை மூடிவிடும். இரண்டாவது திறக்கும்போது வண்டி ஒரு தடவை உறுமிவிட்டுப் பாயும். அந்தப் பாய்ச்சலுக்காகத்தான் இவ்வளவும்.

அக்கா பட்டறை வாசலில் வந்து நின்று கத்துவாள்.

"ஊர்ல இருக்கற மோட்டாரெல்லாம் நின்னு கெடக்குது. தண்ணி எறைக்க முடியாத சனம் வந்து வாசல்ல காத்துக் கெடக்குது. நீங்க ரெண்டு பேரும் அதுக்கடியிலயே குடும்பம் நடத்துங்க."

"செத்த இரு, வர்றேன்" என்பார் மச்சான் காருக்கு அடியிலிருந்து.

"வராட்டிப் போங்க. சோத்த நாய்க்குப் போட்டர்றேன்."

கொழிஞ்சாம்பாறைக்கு வெளியே புளியமரங்களுக்கு நடுவில் நேராகப் போகிற ரோட்டில் ஓட்டிப் பழகினேன். விடிந்ததும் போனால் மாட்டுவண்டிகள் வருவதற்குள் இரண்டு மூன்று ஓட்டம் ஓட்டலாம். முதல் மாதம் என்னால் வண்டியை நேராக வைக்க முடியவில்லை. இரண்டாவது கார்புரேட்டர் திறந்ததும் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகப் போகும். ஒரு தடவை கடலைக் காட்டுக்குள்ளேயே போய் நின்றது. டீக்கடைக்காரர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"ஏனுங், கப்பல் எப்பங்க கெளம்புது?"

"தண்ணி வரட்டும்னு பாக்கறாங்களாட்ட இருக்குது. நம்மூர்ல தண்ணி வந்து, கப்பல் கெளம்பி..."

நான் இறங்கிப்போய் ஒருவன் சட்டையைப் பிடித்திருக்கிறேன். மச்சான் வந்து விலக்கிவிட்டார். எனக்கு யாராவது சிரித்தால் ஆகாது. அன்றைக்கும் ஆகாது, இன்றைக்கும் ஆகாது.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்தார், போட்டி போட்டு ஓட்டிப் பார்க்கலாமா என்று. ஓட்டினோம். ஜீப்பை முந்தியது பெரிய விஷயமில்லை. ஆனால் அந்த ஓட்டம் முடிகிற இடத்தில், மரத்தடியில், தோளில் துண்டோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"எத்தன நாளா நடக்குது இது?" என்று என்னைக் கேட்டார்.

"நாலஞ்சு மாசமாங்கப்பா."

"டீசல் எஞ்சின் கெடைக்குலீன்னு மாப்ளைங்க சொன்னது?"

மச்சான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அப்பா காரைச் சுற்றி வந்தார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ரோட்டில் விழுந்திருந்த கறுப்புத் தடத்தை விரலால் தொட்டார்.

"பின்னால வழுக்குது. பாரம் போடோணும்" என்றார்.

அப்பா என் சின்ன வயதில் ரேக்ளா ஓட்டியவர். இரண்டு மாடு, ஒரு சின்ன வண்டி, ஒரு ஆள் மட்டும் நிற்பதற்கு இடம். பொள்ளாச்சிப் பக்கத்தில் அவர் கலந்துகொள்ளாத பந்தயம் இல்லை. அவருக்கு வேகம் தெரியும். அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மணல் மூட்டை வைக்கச் சொன்னார். வைத்தோம். வழுக்கல் பாதியாகக் குறைந்தது.

ஆனால் ரேக்ளாக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஓடுகிற மாட்டை ஏரில் பூட்டமாட்டார்கள். அதற்குத் தனிக் கட்டுத்தறி, தனித் தீனி, பருத்திக்கொட்டை. பெரிய பந்தயத்தில் தோற்றுவிட்டால் மறுநாளே ஏரில் பூட்டிவிடுவார்கள். ஏன் தோற்றது என்று கேட்கமாட்டார்கள். அப்பா தன்னுடைய செவலைக் காளையை அப்படிப் பூட்டியவர். எனக்கு நினைவிருக்கிறது. அன்று காட்டுக்குப் போனவர் மாலைவரை சாப்பிட வரவில்லை.

எங்களுக்கும் அதையே சொன்னார்.

"ஒரு ஓட்டம் போ. நாலு பேர் பாக்கற பெரிய ஓட்டமாப் பாத்துப் போ. ஜெயிச்சா வண்டி உன்றது. நா வாயத் தொறக்க மாட்டேன். தோத்தா மக்யா நாளே எஞ்சினக் கழட்டிப் போடோணும்."

"முதல் ஓட்டமே எப்படிங்கப்பா..."

"ஒண்ணுதான்."

ஓட்டத்தைக் கொண்டுவந்தவர் கோயமுத்தூர் மில்காரர் ஒருவரின் மகன். ஏதோ ஒரு உருப்படி கடைந்து வாங்க மச்சான் பட்டறைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையுறை. காரைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"என்னங்க இது, வண்டிங்களா, தேருங்களா?"

"தேருன்னா இழுக்க ஆளு வேணுங்க. இது தானாப் போகுமுங்க" என்றார் மச்சான்.

மில்காரர் மகன் பானெட்டைத் திறந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. மச்சான் கடைந்த தட்டை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மறையூர் ஓட்டத்தைப் பற்றிச் சொன்னார். மார்கழியில், பஸ் ஓடத் தொடங்குவதற்கு முன்னால், மறையூரிலிருந்து மூணாறு ரோட்டில் தேயிலைக் காடு தொடங்குகிற பாலம்வரை மேட்டில் ஏறவேண்டும். எஸ்டேட் ஆட்கள் சிலர், கோயமுத்தூர் ஆட்கள் சிலர். சங்கம் கிங்கம் எதுவும் இல்லை. ஒவ்வொரு வண்டியாகத்தான் விடுவார்கள். கீழே ஒருவர், மேலே ஒருவர், இரண்டு கடிகாரத்தையும் முந்தின நாளே ஒத்து வைத்துவிடுவார்கள். வாருங்களேன், பார்க்கலாம் என்றார்.

போனோம். நான் ஓட்ட, மச்சான் பக்கத்தில், அப்பா பின்னால் மணல் மூட்டையின் மேல். அவரும் பாரத்துக்குப் பாரம் ஆச்சு என்று மச்சான் என் காதில் சொன்னார். சின்னார் தாண்டி மேடு ஏறினோம். மறையூரில் எங்கள் கரும்பு வியாபாரத்தில் பழக்கமான ஒருவரின் வெல்ல ஆலையில் இடம் கொடுத்தார்கள். கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. ஆலைக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. காரை வெளியே கரும்புச் சக்கைப் போருக்குப் பக்கத்தில் நிறுத்தினோம்.

பொழுது சாய்கிற நேரத்தில் அப்பா வாய்க்காலில் குளித்துவிட்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பாட்டில். எங்கள் தோப்புத் தேங்காயில் ஆட்டிய எண்ணெய். குளிப்பதற்காக அம்மா கொடுத்தனுப்பியது. ரேக்ளாவில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஓட்டத்துக்கு முந்தின சாயங்காலம் வண்டிக்குச் சொந்தக்காரர் தன் கையால் அச்சுக்கு எண்ணெய் விடவேண்டும். விட்ட பிறகு, கொடி விழும்வரை வேறு யாரும் வண்டியில் கை வைக்கக்கூடாது. மர அச்சுக்கு விளக்கெண்ணெய் போடுவார்கள். இது இரும்பு ஆயிற்றே, தையல் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் கதவுக் கீலுக்கும் விடுகிற தேங்காய் எண்ணெய்தான் சரி என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

"வேண்டாங்கப்பா. மச்சான் எல்லாத்துக்கும் கிரீஸ் போட்டுட்டாருங்க" என்றேன்.

"அது மாப்ளைங்க போட்டது. இது நான் போடறது."

கதவுக் கீல், பெடல் மூட்டு, ஸ்டீரிங் முட்டி, கண்ணில் பட்ட ஒவ்வொரு மூட்டிலும் விரலால் தொட்டுத் தொட்டு வைத்தார். சாமிக்கு வைப்பதைப்போல வைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பானெட்டுக்குள் குனிந்து, கேபிளின் மேலுறையைத் தூக்கிப் பார்த்தார்.

"இதென்ன மாப்ள?"

"ரெண்டாவது கார்புரேட்டர் கேபிளுங்க மாமா."

"உள்ள வறண்டு கெடக்குதே."

பாட்டிலைச் சாய்த்தார். இந்தப் பக்கம் விட்ட எண்ணெய் அந்தப் பக்கம் சொட்டுகிறவரை விட்டார்.

"மச்சான், சொல்லுங்க" என்றேன் மெதுவாக.

"உங்கொப்பன்டா அவரு. நா எப்பிடிச் சொல்றது? ரெண்டு சொட்டு எண்ணெயில என்னாயிரப் போகுது, உடு."

எங்கள் ஊரில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் கலங்கும். வெயில் ஏறினால் தெளிந்துவிடும். அதனால் எந்த வேலையும் நின்றதில்லை. அதற்கு மேல் எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் தெரியாது. நாங்கள் ஆலைக்குள் கொப்பரைச் சூட்டில் தூங்கினோம். கார் வெளியே பனியில் நின்றது.

காலையில் மூச்சு விட்டால் புகையாக வந்தது. கையை அக்குளில் வைத்துக்கொண்டு மச்சான் எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். கை வைக்கவில்லை. அப்பா பக்கத்திலேயே நின்றார். எஞ்சின் சும்மா ஓடும்போது ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டாவது கார்புரேட்டருக்கு அதில் வேலை இல்லையே. சந்தனக் காட்டு வேலிக்கு இந்தப் பக்கம் ரோட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். மில்காரர் மகனின் சின்னச் சிவப்பு வண்டி எங்களுக்கு முன்னால் கிளம்பிப்போனது. நல்ல ஓட்டு. மேலே வளைவு வளைவாகச் சத்தம் ஏறிப் போனதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். மச்சான் ஜன்னலில் குனிந்தார்.

"மொத வளவு வரைக்கும் முழுசா மிதி. அங்க கால எடுத்துரு. அதுக்கு மேல உன்ற பாடு."

அப்பா கதவை ஒரு தடவை தட்டினார். மாட்டின் முதுகில் தட்டுவதைப்போல.

விசில் ஊதினார்கள். மிதித்தேன். பாதிக்கு மேல் பெடல் கொஞ்சம் கனமாக இருந்தது. குளிரில் கால் மரத்துப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அழுத்தினேன். இரண்டாவது திறந்தது. வண்டி பாய்ந்தது. அப்படி ஒரு பாய்ச்சலை எங்கள் ஊர் ரோட்டில் நான் பார்த்ததில்லை. குளிர்ந்த காற்றுக்கு எஞ்சின் நன்றாக இழுக்கும் என்று பிறகு மச்சான் சொன்னார். மணல் மூட்டை பிடித்துக்கொண்டது. வண்டி நேராகப் போனது. ஜெயித்துவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. நினைத்தேன் என்று சொல்லவில்லை. தெரிந்தது.

வளைவு வந்தது. காலை எடுத்தேன். எஞ்சின் அடங்கவில்லை.

பெடல் மேலே வந்துவிட்டது. எஞ்சின் மட்டும் முழுச் சத்தத்தில் கத்துகிறது. பிரேக்கில் ஏறி நின்றேன். எட்டு சிலிண்டரோடு அந்த பிரேக் என்ன செய்யும். சாவியைத் திருப்பி அணைத்தபோது வளைவு முடிந்துவிட்டது, ரோடும் முடிந்துவிட்டது. மேட்டுப்பக்கம் திருப்பினேன். மறுபக்கம் பள்ளம். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. பாறையில் மோதி, ரேடியேட்டர் உடைந்து, ஸ்டீரிங் நெஞ்சில் இடித்து நின்றது. வெந்நீர் ஆவி கண்ணாடியை மறைத்தது.

முதலில் ஓடிவந்தவர் காட்டுக் காவலர். நான் கதவைத் திறந்து ரோட்டில் உட்கார்ந்து வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தாண்டிப்போய்ப் பாறைக்குப் பக்கத்தில் நின்ற மரத்தைச் சுற்றிப் பார்த்தார். எண் எழுதிய சந்தன மரம்.

"மரத்தில தொட்டோ? இல்லல்லோ?" என்று மலையாளம் கலந்து கேட்டார்.

"இல்லை."

"பாக்கியம்" என்றார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார். "நீ எந்தா, ஆசுபத்திரி போகணோ?"

விலா எலும்பு வலித்தது. வேண்டாம் என்றேன்.

அப்பாவும் மச்சானும் மேட்டில் ஏறி வந்து சேர்ந்தார்கள். மச்சான் நேராகப் பானெட்டைத் திறந்தார். இப்போது கை வைக்கலாம். கேபிளைக் கழற்றி உறையிலிருந்து இழுத்தார். வரவில்லை. வலுவாக இழுத்தார். வெள்ளை வெள்ளையாக, மெழுகுபோல ஒட்டிக்கொண்டு வந்தது. உறைந்துபோன தேங்காய் எண்ணெய். ஸ்பிரிங் இழுத்துப் பார்த்திருக்கிறது. அதற்கு எவ்வளவு பலம் இருக்கும். எஞ்சின் சூடு பட்ட நுனி மட்டும் உருகி நின்றது. மீதியெல்லாம் கட்டி.

மச்சான் கேபிளை நீட்டினார். அப்பா வாங்கிப் பார்த்தார். விரலில் அந்த வெள்ளையைத் தேய்த்தார். விரல் சூட்டில் உருகியது. அதை முழங்கையில் துடைத்துக்கொண்டார்.

ஆட்களோடு சேர்ந்து வண்டியைத் தள்ளி ஆலைக்குக் கொண்டுவந்தோம். ஆலைக்காரரின் மனைவி மதுரைப் பக்கத்துக்காரர். கேபிளைப் பார்த்துவிட்டுச் சிரி சிரி என்று சிரித்தார்.

"மார்கழில இங்கிட்டுப் போயி யாராச்சும் தேங்காண்ணெய ஊத்துவாகளா? அடுப்போரத்துல வச்சாத்தேன் தலைக்கே தேய்க்க முடியும். ஏண்ணே, ஒரு வார்த்த கேட்டிருக்கப்படாதா?"

கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. எங்களுக்குச் சாப்பாடு போட்டவர். ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

வெல்ல லாரியின் பின்னால் கயிறு கட்டி வண்டியை இழுத்துக்கொண்டு உடுமலைப்பேட்டை வந்து, அங்கிருந்து டிராக்டர் பிடித்து ஊர் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் நான் ஸ்டீரிங் பிடித்தேன். அப்பா லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவும் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு வந்தேன். இந்தத் தோல்வியை அவர் தோல்வியாக எடுத்துக்கொள்ளமாட்டார். தவறு அவருடையது. அவருக்கே தெரியும். இன்னொரு ஓட்டம் கொடுப்பார்.

மறுநாள் காலையில் அப்பா பட்டறைக்கு வந்தார். மச்சானிடம், "எஞ்சின எறக்கிப் போடுங்க மாப்ள" என்றார்.

நான் கத்தினேன். அதுவரை அப்பாவிடம் குரலை உயர்த்தியதில்லை.

"எண்ணெ ஊத்துனது நீங்கதானுங்க!"

"ஆமா. நாந்தான்."

"வேண்டாம், வேண்டாம்னு சொன்னனே!"

"சொன்னே."

"அப்பறம் எஞ்சின் என்னங்க தப்புப் பண்ணுச்சு?"

அப்பா என்னைப் பார்த்தார். கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"செவல என்னடா தப்புப் பண்ணுச்சு? முந்துன நாளு லாடத்த மாத்தாதீங்கன்னு எல்லாருஞ் சொன்னாங்க. நாந்தான் மாத்துனேன். அதுக்குக் கால் நொந்துபோச்சு. தோத்துச்சு. பூட்டுனேன். உனக்கொரு வழக்கம், எனக்கொரு வழக்கமா?"

ஊரில் இதைக் கேட்டவர்கள் அப்பாவை மெச்சினார்கள். சொன்ன சொல் மாறாத மனுஷன் என்றார்கள். தனக்கு ஒன்று மகனுக்கு ஒன்று என்று பார்க்காதவர் என்றார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒரு மாட்டுக்கு அநியாயம் செய்துவிட்டு, அதைச் சரிக்கட்ட இன்னொன்றுக்கும் அதே அநியாயத்தைச் செய்வது என்ன நியாயம்? இதை அவரிடம் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் சாகும்வரை இதைப் பற்றி மறுபடியும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மச்சான் மூன்று மரக்கம்பத்தை நட்டுச் சங்கிலி போட்டு எஞ்சினைத் தூக்கினார்.

"ஒரு கை புடி மாப்ள. ஆடுது."

"நீங்களே புடிங்க. அன்னைக்கு வாயத் தொறந்திருந்தா இன்னைக்குத் தூக்க வேண்டியதில்லீங்க."

"என்ற மாமனார நா எப்பிட்றா எதுத்துப் பேசறது? உன்ற அக்காளோட நா குடும்பம் நடத்த வேண்டாமா?"

அவர் சொன்னதும் சரிதான். எல்லோரும் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன்.

எஞ்சின் பட்டறை மூலையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. மழைக்காலம் முடிந்ததும் மில்காரர் மகன் வந்து கேட்டார். அப்பா கொடுத்தார். எஞ்சினோடு மச்சானையும் அவர் கூட்டிக்கொண்டார். வாரத்தில் பாதி நாள் மச்சான் கோயமுத்தூரில் இருந்தார். பட்டறைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் வேறிடம் போய்விட்டார்கள், அவருக்கும் வேறு வழியில்லை என்று அக்கா சொன்னாள். இரும்பைப் பிடித்தவர் இரும்போடு போகிறார் என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரிப்பும் எனக்கு ஆகவில்லை.

அடுத்த மார்கழியில் அதே மேட்டில் அந்த எஞ்சின் ஜெயித்தது. வேறு வண்டியில், வேறு ஒருவர் காலடியில். மச்சானின் அலுமினியத் தட்டு அப்படியே இருந்ததாம். கேபிளை மட்டும் எடுத்துவிட்டு இரும்புக் கம்பி போட்டிருந்தாராம். பொங்கல் கழித்து மச்சான் மிட்டாய்ப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, எத்தனை வண்டி வந்தது, யார் இரண்டாவது என்றெல்லாம் விசாரித்தார். கண்ணெல்லாம் வெளிச்சம். மச்சானும் தரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் இரண்டு பேரும் அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. பிறகு மச்சான் பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"எடு மாப்ள. உன்ற எஞ்சின்தான."

நான் எடுக்கவில்லை. அன்றைக்கு முகூர்த்தம், காருக்குக் கல்யாண வாடகை. வாசலில் பூக்காரர் எங்கள் காரின் பானெட்டின் மேல் செவ்வந்தி மாலையைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா சொன்னபடி மாட்டிய டீசல் எஞ்சின் அவர் கைக்குக் கீழே தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அணைத்தால் மறுபடி கிளம்ப மல்லுக்கட்டும் என்பதால் அணைப்பதில்லை. நான் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை அழைப்பு. மேளக்காரர்கள் முன்னால் நடந்தார்கள். நான் முதல் கியரில், கிளட்சிலிருந்து காலை எடுக்காமல், அவர்களுக்குப் பின்னால் போனேன்.